சிலுவை என்னும் சொல்

மலையகத்து டயகமத் தோட்டங்களில், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், கொழுந்து நிறுத்தபின் கூடையை லயத்தில் வைத்துவிட்டு வருகின்ற வேதக்காரர்கள், டர்பன்டைன் கட்டையிற் செய்த சிலுவையை முறைமாற்றித் தோளில் தாங்கித் தேயிலைச் சரிவில் ஏறுவர். அவ்வழிபாட்டிற் பிரசங்கித்த அன்பர் ஒருவர், தொல்லை என்று பொருள்படும் ‘சிலுகு’ என்பதே திரிந்து ‘சிலுவை’ ஆயிற்று என்றாராம். கேட்டவர்களும் அதனை வேதவாக்காகப் பரப்பி வருகின்றனர். பொருள் ஓரளவு இயைவது ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு சொற்பிறப்பு உரைத்தல் தகாது. ககரம் வகரமாகி, ஈற்றில் ஐகாரமும் ஏறியதற்கு அவர் விதியொன்றும் காட்டினாரல்லர்.

போர்த்துக்கேயர் கொணர்ந்த சொல் இது என்பாரும் உளர். அவர்தம் ‘குரூஸ்’ தமிழிற் ‘குருசு’ ஆகி, கடற்கரை ஊர்களிற் ‘குருசடி’ என நிலைத்தது யாவரும் அறிந்ததே. அதே மூலம் சிலுவையையும் ஈன்றது என்பது பொருந்தாக் கூற்று.

உண்மை மூலம் சிரியாக் மொழியின் ‘ஸ்லீபா’. உயிரை அடுத்து வரும் அதன் பகரம் கீழைச் சிரியாக் உச்சரிப்பில் வகரமாக மென்மையுறும். மலையாள நாட்டுச் சுரியானிக் கிறிஸ்தவர் இன்றும் தம் வழிபாட்டில் ‘ஸ்லீவா’ என்றும், பொதுப்பேச்சிற் ‘குரிசு’ என்றும் வழங்குவர். அரபியின் ‘சலீப்’ இதனோடு உறவுடையது. மொழிமுதலில் மெய்ம்மயக்கத்தை ஏலாத தமிழ், ‘ஸ்லீவா’வின் முதலெழுத்திற்கு இகரத்தைத் துணையாக்கி, ஈகாரத்தை வகரச் சார்பால் உகரமாகக் குறுக்கி, ஈற்று ஆகாரத்தை ஐகாரமாக்கிக்கொண்டது. மாலா மாலையானதும் சபா சபையானதும் இவ்வாறே; நன்னூலார் பதவியலில் வடமொழியாக்கத்திற்கு உரைத்த அவ்விதி மேலைக் கடல் தந்த சொல்லுக்கும் செல்லும்.

கழு என்னும் பழஞ்சொல் இருக்க, அயற்சொல் எதற்கு என்று வினவலாம். சிலுவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஸ்தௌரோஸ்’ என்பதும் ஆதியில் நாட்டிய கம்பத்தையே குறித்தது. அப்போஸ்தலர் நடபடிகளிலோ வெறும் மரம் என்றே வருகிறது. ஆயினும் கழு உடலைத் துளைப்பது. ஆணியறைந்து தொங்கவிடும் மரத்திற்கு அது பொருந்தாது. இதனினும் சுவையான விஷயம் ஒன்றுண்டு: சிரியாக் மொழிபெயர்ப்பாகிய பெஷித்தாவின் சுவிசேஷங்களிற் கொலைமரத்திற்குப் பெரும்பாலும் வரும் சொல் ‘ஸ்கீபா’, நிமிர்த்தி நாட்டியது என்பது அதன் பொருள். தமிழ் ஏற்றதோ ‘ஸ்லீபா’வை. ஆதலின் இச்சொல் நம்மிடம் ஏட்டின் வழியாக வரவில்லை. குருமார் கையிலேந்தி ஆசி வழங்கிய அடையாளத்தின் வழியாகவே வந்தது என்பது என் அபிப்பிராயம்.

அடையாளங்களுக்கும் குறைவில்லை. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் வணிகர், இலங்கையிற் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபையும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் இருந்தமையைக் குறித்துள்ளார். அநுராதபுர அகழ்வில் 1912இற் கற்றூணிற் செதுக்கிய சிலுவையொன்று வெளிப்பட்டது. அதன் காலம்பற்றிப் பூசல் உண்டெனினும், கொஸ்மாஸின் சாட்சியத்தோடு அதனைச் சேர்த்துக் காண்பதே முறை. சென்னைப் பரங்கிமலையில் 1547இற் கிடைத்த சிலுவையைச் சுற்றி ஓடுவதோ பாரசீகத்துப் பகலவி எழுத்து. அவ்வெழுத்தைப் பொறித்தவர்களின் வழிபாட்டு மொழி சிரியாக்.

போர்த்துக்கேயர் இவ்விலங்கையில் இறங்கிய 1505ஆம் ஆண்டிற்குப் பன்னூறாண்டு முன்னரே, பாரசீகக் கப்பல்கள் தங்கிய துறைகளில் ‘ஸ்லீவா’ நம்மவர் நாவிற் சிலுவையாகிவிட்டது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.