துப்பாக்கி ஈட்டியில் பொறித்த எழுத்து

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையினரும் இந்தியப் படையினரும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் மாட்டிய பயனெட் என்னும் ஈட்டிக்கத்தி, '1907 மாதிரி' எனப்படும். அலகின் நீளம் 17 அங்குலம். ஜப்பானியரின் அரிசாகா ஈட்டியைப் பின்பற்றி அமைக்கப்பெற்றது.

பிடியை ஒட்டிய, தீட்டப்படாத அடிப்பகுதியைக் காண்க. முடியும், மன்னர் பெயரின் முதலெழுத்துகளும், 1907 என்னும் எண்ணும் தோன்றும். அவ்வெண்ணைச் செய்த ஆண்டெனக் கொள்வோர் பலர். அது மாதிரி ஏற்கப்பெற்ற ஆண்டேயாகும். உண்மையான காலம் தனியே உள்ளது: '5 16' என்றிருப்பின் 1916 மே மாதம். வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் எனத் தொழிலகப் பெயரும் உடனிருக்கும். வங்காளத்து ஈசாப்பூரில் செய்ததாயின் 'ஆர்.எஃப்.ஐ.' என்றிருக்கும். மறுபக்கத்து அம்புக்குறி அரசுடைமை என்பதையும், பெருக்கற்குறி அலகை வளைத்துச் சோதித்தனர் என்பதையும் உணர்த்தும். இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிர்ப்பட்டால், படையிலிருந்து விற்கப்பட்டது என்பது பொருள்.

தொடக்கத்தில் குறுக்குக் காப்பில் கொக்கி வளைவு இருந்தது. 1913இல் அது கைவிடப்பட்டது. பழையவற்றிலும் பெரும்பாலும் வெட்டி எறிந்தனர். ஆகவே கொக்கி சிதையாத ஈட்டிக்கு விலை மிகுதி. அதனால் கொக்கியைப் பற்றவைத்து விற்போரும் உளர்! இங்கிலாந்தில் 1916இல் செய்த அலகில் கொக்கி கண்டால் ஐயுறுக. துருவைப் போக்குவதாகச் சாணை பிடித்து எழுத்தை அழித்தாலோ, எஞ்சுவது எடைக்குப் போடும் இரும்பே.

விலையினும் நமக்கு முதன்மையானது, சில ஈட்டிகளின் பிடிக்குமிழில் காணப்படும் படையணிக் குறியும் எண்ணும். 'போர்க்குலங்கள்' என்று பேசி மகார் மக்களைப் படையினின்று ஒதுக்கிய அரசே, ஆள் வேண்டியிருந்த 1917இல் 111ஆம் மகார் படையணியைத் திரட்டிற்று. 1921இல் கலைத்தும் விட்டது. (அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி, அவ்வொதுக்கலுக்கு முற்பட்ட காலத்தில் படையில் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தவர்.) சென்னை மாகாணத்துச் சாப்பர்ஸ்-மைனர்ஸ் படையில் பறையர் மக்கள் தலைமுறைகளாகப் பணிபுரிந்தனர்.

வீட்டுப் பரணில் இத்தகைய ஈட்டி கிடைப்பின், இளைஞர்கள் எண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தைப் படியெடுக்கலாம். படையணிக் குறி பிரிவைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லாது. ஆளின் எண்ணும் பெயரும் படையணியும் போர்ப்பதக்கத்தின் விளிம்பில் உள்ளன. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பின் ஒப்பிட்டுப் பார்க்க.