பயன்பாடே பாதுகாப்பு: திருவண்ணாமலையும் சேப்பாக்கமும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்க இந்தியத் தொல்லியல் துறை 2002இல் அறிவிப்பு வெளியிட்டது. ஊர் மக்கள் எதிர்த்தனர். 2004இல் மத்திய அரசு அதனைத் திரும்பப் பெற்றது. துறையின் பட்டியலில் இல்லாவிடினும் அக்கோயில் நிலைத்திருக்கிறது. நாள்தோறும் அதைப் பயன்படுத்தும் மக்களே அதற்குக் காவல்.

பயன்படுத்துவோரை இழந்த கட்டடங்களின் நிலை என்ன? நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1767 செப்டம்பரில் திருவண்ணாமலையருகே ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஓரணியாக நின்று, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படையோடு போரிட்டனர். அந்த ஆங்கிலேயரின் நேச அரசர்தாம் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா. மறு ஆண்டான 1768இல் சென்னையில் அவருக்காக எழுந்தது சேப்பாக்கம் அரண்மனை.

கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளைக் கொண்ட அம்மாளிகை நூறாண்டுகூட நவாபுகளிடம் நீடிக்கவில்லை. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார். பட்டத்தை ஆங்கிலேயர் ஒழித்தனர். 1859இல் அரண்மனை ஏலத்திற்கு வந்து அரசின் கைக்கே சென்றது. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் இரு மஹால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். தர்பார் நடந்த கூடங்களில் அரசு அலுவலகங்கள் அமர்ந்தன.

2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீக்கிரையானது. எரிந்த மாளிகையை இடித்து எறிவது எளிது. ஆயினும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்திரங்களும் கொண்ட பழைய கட்டுமுறையிலேயே அது மீட்கப்பட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகிறது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. புதிய அலுவலகக் கட்டடங்கள் மறைத்து நிற்பதால், கடற்கரைச் சாலையில் செல்வோர் பலருக்கு அங்கொரு நவாபின் அரண்மனை இருப்பதே தெரிவதில்லை. சுவர்கள் பிழைத்தன, நினைவு மங்கியது.

நமக்கு இது புதிய பாடமன்று. கைபர் நிலத்தை என்ன செய்வதென உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனை அறமாக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை அதுவே. மூலம் நிலைக்க வேண்டும்; பலன் ஓட வேண்டும்.

நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பழைய மதரஸாக்களையும் முசாபிர்கானாக்களையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். இடிக்கத் தீர்மானிக்குமுன், சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டுவோம். வக்ஃபு செய்தவரின் நோக்கத்திற்கு மாறாமல் அங்கே நூலகமோ மாலைநேர வகுப்போ நடத்த இயலுமா என ஜமாஅத்தில் பேசுவோம். புதிய பயன் கிடைத்தால், கட்டியவர் பெயரையும் ஆண்டையும் வாசலில் பொறித்து வைப்போம். சுவரோடு நினைவையும் காப்பதே அமானிதத்தை முழுமையாக நிறைவேற்றுவதாகும்.