வெள்ளைச் சேலையும் கோஷா ஆஸ்பத்திரியும்: சென்னை நர்சிங் மாணவியரின் தோற்ற விதிகள் பற்றி ஒரு மறுவாசிப்பு

சென்னையில் நர்சிங் படிக்கச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே சில விதிகள் மனப்பாடமாகிவிடும். முடியைக் கொண்டையாகச் சுற்றி வலைக்குள் அடக்க வேண்டும். பூ கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, கொலுசு கூடாது. காதில் சின்னக் கம்மல் மட்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், நகச்சாயம் ஆகாது. நாடி எண்ணுவதற்கு விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் வேண்டும். வார்டு சிஸ்டர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நோயாளியைப் படுக்கை நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மறைப்பு போடாமல் யாருடைய உடையையும் விலக்கக் கூடாது. இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: நைட்டிங்கேல் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளி, அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மிஷனரிகள், அவர்கள் நடத்திய விடுதிகள்.

இந்த விடைக்குத் தென்னிந்திய அளவில் ஆய்வுத் தகுதி தந்தவர் மீரா ஆபிரகாம். 1996இல் வெளிவந்த 'ரிலிஜன், காஸ்ட் அண்ட் ஜெண்டர்' என்ற அவரது நூலின் துணைத் தலைப்பே தென்னிந்திய நர்சிங் வரலாற்றை மிஷனரிகளோடு சேர்த்துக் கட்டுகிறது. அந்நூலை ஒதுக்கிவிட்டு இத்துறையில் யாரும் ஓரடி நகர முடியாது. அதன் வழி நிலைபெற்ற வாசிப்பைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். உடற்கழிவைத் தொடும் வேலை, அந்நிய ஆணைத் தொடும் வேலை, வீட்டுக்கு வெளியே இரவு தங்கும் வேலை என்பதால் சாதி இந்துக் குடும்பங்கள் நர்சிங்கைத் தீட்டாகக் கண்டு விலகின. அந்த இடத்துக்குக் கிறித்தவப் பெண்கள் வந்தனர். அவர்களது தோற்றத்துக்கும் நடத்தைக்கும் மிஷன் விடுதி அச்சு வார்த்தது. வேலூரைப் பற்றி மட்டும் பேசுவதானால் இதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. 1909இல் அங்கே நர்சிங் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து மிஷனின் கை எல்லாவற்றிலும் தெரிகிறது.

சென்னைக்கு இந்த வாசிப்பு பொருந்தவில்லை. இங்கே பயிற்சி அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. பாடநூல்கள் 1871ஐ, அதாவது அரசு பொது மருத்துவமனையின் பள்ளியை, முதல் ஆண்டாகச் சொல்கின்றன. மருத்துவச்சிப் பயிற்சியையும் கணக்கில் சேர்ப்பவர்கள் 1854க்குப் போகிறார்கள். எதை நர்சிங் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்த இந்த வேறுபாட்டை நான் தீர்க்க முயலவில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் அது மிஷன் விடுதி இல்லை. மதலீன் ஹீலி தம் 'இந்தியன் சிஸ்டர்ஸ்' நூலை (2013) 1907இல் தொடங்குகிறார். சங்கங்கள், மாநாடுகள், அரசு என்று எழுத அது நல்ல தொடக்கம்தான். ஆனால் தோற்ற விதி உருவான இடம் வார்டு. அந்த வார்டின் கதை சென்னையில் குறைந்தது இருபது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது.

என் முதல் சான்று ஒரு பெயர். 1885இல் மேரி ஷார்லீப் முன்னின்று தொடங்கிய மருத்துவமனை, பின்னர் வெங்கடகிரி ராஜாவின் நன்கொடையோடு சேப்பாக்கத்தில் கட்டடம் கண்டது. விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய அதன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் 'சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான ராயல் விக்டோரியா மருத்துவமனை' (கோஷா என்றால் பர்தா). ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். ஆண் டாக்டர் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்றிருந்த பெண்களுக்காகவே அவர் மருத்துவம் படிக்க வந்தார். சுதந்திரத்துக்குப் பின் அந்த மருத்துவமனை கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆனது. திருவல்லிக்கேணிக்காரர்கள் அன்றும் இன்றும் சொல்வது 'கோஷா ஆஸ்பத்திரி'.

இந்தப் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அலுவல் பெயரில் சாதி முன்னால், கோஷா பின்னால். மக்கள் வாயில் சாதி உதிர்ந்தது, கோஷா மட்டும் தங்கியது. பெயர் சுருங்குவது இயல்புதானே என்று கேட்கலாம். ஆனால் எதைச் சுருக்கி எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. 'விக்டோரியா ஆஸ்பத்திரி' என்று சொல்லியிருந்தால் அதுவும் சுருக்கம்தான். நோயாளிகள் அந்த இடத்தை அடையாளம் கண்டது உள்ளே கிடைத்த மறைவைக் கொண்டு. பெண் டாக்டர், பெண் நர்ஸ், ஆண் கண் படாத வார்டு: அந்த மருத்துவமனையின் உயிர்நாடியே இதுதான். அப்படியானால் அங்கே வேலை பழகிய பெண்ணின் நடத்தைக்கு அளவுகோல் யார்? விடுதி மேட்ரனுக்கு முன்னால் நோயாளியும் அவளைக் கூட்டிவந்த மாமியாரும் நிற்கிறார்கள். திரை இழுக்காமல் சேலையை விலக்கினால், வாசலில் நிற்கும் ஆணின் காதில் விழும்படி உள்ளே இருப்பவளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால், அடுத்த பிரசவத்துக்கு அந்தக் குடும்பம் வராது. மறைப்பு போடு, குரலைத் தாழ்த்து, உறவினர் முன் உடல்நிலையைப் பேசாதே என்று இன்றைய மாணவி படிக்கும் மரியாதை விதிகளுக்கு கோஷா ஆஸ்பத்திரியில் வலுவான உள்ளூர்க் காரணம் இருந்தது. விதிகளின் சொற்கள் லண்டனிலிருந்து வந்திருக்கலாம். அவற்றை வார்டில் நிலைக்க வைத்தது நோயாளியின் நெருக்குதல் என்பதே என் வாதம். இது ஊகம்தான். ஆனால் மிஷன் விடுதியைக் கைகாட்டும் விளக்கமும் அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை இதைவிட வலுவான ஊகம் இல்லை.

உடைக்கு வருவோம். பொது மருத்துவமனையில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய நர்ஸ்கள் கவுனும் தொப்பியும் அணிந்தனர். இந்தியப் பெண்கள் எண்ணிக்கை கூடக்கூட வெள்ளைச் சேலை வந்தது. அது ஒரே அரசாணையில் ஓரிரவில் நடந்த மாற்றம்போல் தெரியவில்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டிருக்கும். ஆகவே ஓர் ஆண்டைக் குறிப்பிட நான் துணிய மாட்டேன். தீட்டு வாசிப்பு இந்த இடத்தில் நிறத்தைக் கவனிக்கவே இல்லை. வெள்ளை என்றால் சுத்தம் என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறது.

பெசன்ட் நகரில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க நூலகம் தேவையில்லை. எலியட்ஸ் கடற்கரையின் ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா கோயில், அதே கரையில் இன்னொரு பக்கம் அஷ்டலட்சுமி கோயில். ஒரு முகூர்த்த நாளில் மாதா கோயிலிலிருந்து இறங்கும் மணப்பெண் வெண்பட்டில் இருப்பாள், தலையில் முக்காடு வலை. அஷ்டலட்சுமி சன்னதிக்கு வரும் புதுப்பெண் அரக்கிலோ மஞ்சளிலோ மாம்பழ நிறத்திலோ இருப்பாள். அவள் வெள்ளையில் வந்தால் கூட்டம் திரும்பிப் பார்க்கும். தமிழ்க் கிறித்தவ வீட்டில் வெள்ளைச் சேலை கல்யாணச் சேலை. சாதி இந்து வீட்டில் அது தாலி அறுத்தவளின் சேலை. (பிராமண வீடுகளில் கைம்பெண்ணின் நார்மடி எல்லா இடத்திலும் வெள்ளை இல்லை, காவியும் உண்டு. ஆனால் வெள்ளை சுமங்கலிக்கு உரியதில்லை என்பதில் வேறுபாடு இல்லை.) இப்போது முதல் பத்தியின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பூ இல்லை, வளையல் இல்லை, கொலுசு இல்லை, இழுத்து முடிந்த கொண்டை. 1920களில் மயிலாப்பூரில் ஒரு தாய் இந்தக் கோலத்தில் தன் பதினெட்டு வயதுக் கன்னிப்பெண்ணைப் பார்த்தால் அவள் கண்ணில் என்ன தெரியும்? வளையலுக்கடியில் கிருமி தங்கும் என்ற நியாயம் உண்மையானதுதான், ஆனால் அது டாக்டருடைய நியாயம். அந்தத் தாய்க்குக் கண்ணில் படுவது அமங்கலம்.

கிறித்தவப் பெண்கள் ஏன் எளிதில் வந்தார்கள் என்பதற்கு மிஷன் பள்ளிப் படிப்பும் வறுமையும் முதற்காரணங்கள் என்பதை ஏற்கிறேன். அவற்றோடு நிறத்தையும் சேர்க்க வேண்டும் என்பதே நான் கேட்பது. அந்தச் சேலையில் அவர்களுக்கு அச்சமூட்டும் எதுவும் இல்லை.

உடனே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. வெள்ளை கைம்பெண்ணின் நிறமென்றால், ஏற்கெனவே வெள்ளையில் இருக்கும் கைம்பெண்கள் நர்சிங்குக்குத் திரண்டிருக்க வேண்டுமே? புனேயில் அது ஓரளவு நடந்தது. ரமாபாய் ரானடேயின் சேவா சதன் தன் மாணவிகளைச் சாசூன் மருத்துவமனைக்கு நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்களில் கைம்பெண்களும் இருந்தனர். மராத்திப் பிராமணர்களின் தீட்டு விதிகள் நம் ஊரைவிட இளகியவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே தீட்டு ஒன்றே தடை என்ற வாசிப்பு புனேயில் இடறி விழுகிறது.

சென்னையில் நடந்தது வேறு. சுப்பலட்சுமி 1912இல் இளம் கைம்பெண்களுக்கென இல்லம் தொடங்கினார், பிறகு அது ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அங்கிருந்து கோஷா ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். ஆனாலும் அந்தப் பெண்களின் பாதை பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சிக்கே போனது. ஏன்? ஒரு காரணத்தை முன்வைக்கிறேன். சுப்பலட்சுமியின் முயற்சி முழுவதும் அந்தப் பெண்களை அமங்கலத்திலிருந்து வெளியே கொண்டுவருவதற்காக. மழித்த தலையோடு வந்த பெண் முடி வளர்த்து, படித்து, டீச்சரம்மா என்று மதிக்கப்பட வேண்டும். விட்டு வந்த கோலத்தையே சீருடையாக மாட்டிவிடும் தொழில் அவர்களுக்கு எப்படி இனிக்கும்? புனேயில் இனித்ததே என்றால், அங்கே சேவா சதனுக்கும் சாசூனுக்கும் இருந்த நிறுவன உறவு இங்கே ஏற்படவில்லை என்பதும் காரணமாகலாம். இரண்டில் எது கூடுதல் கனம் என்று நிறுக்க என்னிடம் தராசு இல்லை. ஆனால் அந்த இல்லத்தின் தலைவியையும் ஊர் 'சிஸ்டர்' சுப்பலட்சுமி என்றே அழைத்தது. அந்த மரியாதைப் பெயர் கன்னியர் மடத்துக்கும் வார்டுக்கும் மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

இறக்குமதியான சடங்கை இந்த ஊர் தன்வயப்படுத்திய இன்னொரு இடத்தையும் சொல்லிவிடலாம். முதலாண்டு மாணவியர் விளக்கேந்தி உறுதிமொழி ஏற்கும் விழா நைட்டிங்கேல் பெயரில் நடக்கிறது. அந்த உறுதிமொழியை எழுதியவர் அவர் இல்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. நைட்டிங்கேல் கையில் இருந்தது துருக்கிக் கூண்டு விளக்கு. நம் மேடையில் நிற்பது குத்துவிளக்கு. அமங்கலக் கோலம் என்று தயங்கிய குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் விழாவில் சுமங்கலிகள் ஏற்றும் விளக்கு நடுவில் வந்து நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். எல்லா மேடையிலும்தானே குத்துவிளக்கு இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை.

மாணவியருக்கும் பணியில் உள்ள நர்ஸ்களுக்கும் நிறம் வேறுபடுத்தும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. பயிலும் காலத்தில் நீலமோ இளஞ்சிவப்போ கட்டமோ, பட்டம் பெற்றபின் வெள்ளை. இது படிநிலையைக் காட்டுவதற்காக என்பார்கள். கன்னிப்பெண்ணுக்கு வெள்ளையைத் தள்ளிப்போடும் ஏற்பாடாகவும் இதை வாசிக்கலாம். ஆண்டு தெரிந்த படங்கள் கிடைத்தால்தான் எது முந்தியது என்று சொல்ல முடியும். மீரா ஆபிரகாமின் வாசிப்பைச் சென்னையளவில் திருத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எந்த அளவுக்குத் திருத்த வேண்டும் என்பது அந்தப் படங்களைப் பொறுத்தது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ 1930 முதல் 1970க்குள் சென்னையில் நர்ஸ் பயிற்சி பெற்றிருந்தால், அவர்கள் வகுப்போடு எடுத்துக்கொண்ட குழுப் படத்தையும் விடுதி விதிப் புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்புறம் மருத்துவமனையின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பதால் சேலை என்ன நிறம் என்று அவர்களிடமே கேட்டு அதையும் எழுதுங்கள். ஒரு பிரதியைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.