தேநீர்ச் சாலையில் தோன்றிய தொழில்

வெளியூர்களில் குடியேறி வாழும் நம்மவரின் மக்கள் பலர் இந்நாளில் 'பிஸினஸ் அனலிஸ்ட்' என்னும் பதவிப் பெயர் தாங்கி வருகின்றனர். அவர்கள் ஆற்றும் பணி யாதென்று வீட்டு முதியோர் வினவின், விடை எளிதில் வருவதில்லை. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர் ஒருபுறம். கணக்கும் சரக்கும் கையாளும் நிலையத்தார் மறுபுறம். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காத இவ்விருவர்க்கும் இடையே நின்று, நிலையத்தின் தேவை இன்னதெனக் கேட்டறிந்து, ஆராய்ந்து, எழுதி வைத்து, முடிந்த வேலை அத்தேவையை நிறைவேற்றுகின்றதா என்று ஒப்பு நோக்குவதே அப்பணியாகும். இதற்கெனத் தேர்வுகளும் சான்றிதழ்களும் பெருகிவிட்ட காலத்தில், இத்தொழில் பிறந்த கதையை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அதன் மூலத்தை இலண்டன் மாநகரின் தேநீர்ச் சாலைகளிலே காணலாம். ஜே. லயன்ஸ் கம்பெனியார் தேநீரும் ரொட்டியும் பலகாரமும் விற்று வந்தனர். ஒவ்வொரு விற்பனையிலும் ஆதாயம் மிகச் சிறிது. ஆதலின் எழுத்து வேலையின் செலவைச் சுருக்குவது அவர்கட்கு இன்றியமையாததாயிற்று. ஜான் சிம்மன்ஸ் என்னும் கணித வல்லுநரின் மேற்பார்வையில், அலுவலக முறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு பகுதி 1930-களில் அங்கு இயங்கிற்று. கணிப்பொறிக்கு முன்பே பகுப்பாய்வாளர் தோன்றிவிட்டனர் என்க.

1947-இல் அக்கம்பெனியின் அலுவலர் இருவர் அமெரிக்கா சென்றனர். தம் நாட்டுக் கேம்பிரிட்ஜில் கணிப்பொறி உருவாகி வருவதை அங்கேதான் கேள்வியுற்றனர். (வீட்டுச் செய்தியை அயலூரில் அறிவது நமக்கு மட்டும் உரியதன்று போலும்!) கேம்பிரிட்ஜுக்குப் பொருளுதவி புரிந்து, பின்னர்த் தாமே 'லியோ' என்னும் பொறியை அமைத்தனர். 1951 நவம்பரில் அது ரொட்டிச்சாலைக் கணக்கைப் போட்டது. வாணிக நிலையத்தின் அன்றாட வேலையைக் கணிப்பொறி ஏற்றது அதுவே முதல் என்பர்.

பொறியினும் வியக்கத்தக்கது, அதற்கு வேலையை வகுத்துக் கொடுத்த முறை. 1936-இல் அக்கம்பெனியிற் சேர்ந்த டேவிட் காமினர் என்பார் அதற்குத் தலைமை தாங்கினார். கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலை 1954-இல் லியோவிடம் வந்தது. ஒவ்வொரு கடையும் நாள்தோறும் நெடும்பட்டியல் எழுத வேண்டியதில்லை. வழக்கமான தேவை நிலையாகப் பதிவாகியிருக்கும். கடையை நடத்தும் அம்மையார் அன்றைய மாறுதலை மட்டும் தொலைபேசியிற் சொன்னாற் போதும். இந்த உபாயம் பொறியை மட்டும் அறிந்தவர்க்குத் தோன்றாது. கடையையும் அறிந்தவர்க்கே தோன்றும்.

பயிற்சியும் அங்ஙனமே. தம் அலுவலர்க்கே வகுப்பு நடத்தி, அதில் தேறியவரைத் தேர்ந்தெடுத்தனர். ஐஸ்கிரீம் விற்பனைப் புள்ளிகளைத் தொகுத்து வந்த மேரி கூம்ஸ் அம்மையாரும், பிராங்க் லேண்டும் 1952-இல் அவ்வழியே வந்தவர்கள். லேண்ட் 1967-இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குச் சென்று முறைப் பகுப்பாய்வு கற்பிக்கலானார். தேநீர்க் கடைக் கல்வி பல்கலைக்கழகம் ஏறியது.

சான்றிதழ் மிகவும் பிற்பட்டது. கனடாவின் டொராண்டோ நகரில் 2003-இல் இத்தொழிலுக்கென ஓர் உலகச் சபை அமைந்தது, 'சி.பி.ஏ.பி.' எனப்படும் அதன் தேர்வு 2006-இல் தொடங்கிற்று. திட்ட நிர்வாகத்திற்குச் சான்று வழங்கி வந்த அமெரிக்கச் சபையும் 2014-இல் இத்துறைக்குத் தனித் தேர்வு வகுத்தது. சி.பி.ஏ.பி. எழுத விழைவோர் பத்தாண்டுகளுக்குள் 7,500 மணி நேரம் இப்பணி ஆற்றியிருக்க வேண்டுமென்பது விதி. நாளொன்றுக்கு எட்டு மணியெனக் கொள்ளின் ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்பு! சான்றிதழ் வேலையைத் தரும் என்று சொல்லிக் கடன் வாங்கச் செய்யும் வகுப்புகள், வேலைதான் அச்சான்றிதழுக்குத் தகுதி தரும் என்பதை மட்டும் சொல்வதில்லை. புதியவர்க்கெனத் தொடக்கநிலைத் தேர்வு தனியே உண்டு, அதனைக் கற்கலாம். ஆனால் முதலில் ஒரு பண்டகசாலையிலோ வங்கியிலோ ஓராண்டு அமர்ந்து, அங்குள்ளோர் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிவதே மேல் என்பது எம் துணிபு.

நம் முன்னோர் டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறினர். ஒருமுறை தேறினால் அது ஆயுள் முழுதும் செல்லும். இதுவோ மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது.