யாருக்குச் சொல்லப்படுகிறது? ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் இனப்பெருக்க நலக் கொள்கையும்

வளரும் நாடுகளின் மக்கள்தொகைக் கொள்கையைப் பேசுவோர் தமிழ்நாட்டை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8, பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த வெற்றிக்குள் அடங்கியவையே. ஆனால், இந்தக் கொள்கை உடல்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி மேலிடத்துக்கு அனுப்புவதில் தேர்ந்த அளவுக்கு, அந்த உடலுக்கு உரியவரிடம் அவற்றைக் கொண்டு சேர்ப்பதில் தேரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மிகக் கொடிய சான்று இவ்விரு ஊர்களும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 டிசம்பர் தொடக்கத்தில், இரத்தசோகைக்காகச் சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்டது. அது சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் பத்தொன்பது வயது இளைஞர். 2016-இல் அவர் இரத்தம் கொடுத்தபோதே தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில்தான் அவருக்குத் தெரியவந்தது. தெரிந்தவுடன் அவரே முன்வந்து மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்த மாத இறுதிக்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறந்த குழந்தைக்குத் தொற்றில்லை என்பது பின்னர் உறுதியானது ஒன்றே இதில் ஆறுதல்.

அப்போது எழுந்த விவாதம் முழுக்கப் பரிசோதகர்களின் கவனக்குறைவைச் சுற்றியே நடந்தது. 2018-இல் நேர்ந்த தவறு பெரிதுதான். ஆனால் 2016-இல் நேர்ந்த தவறு அதனினும் பெரிது என்பேன். அந்த இளைஞரை அன்றே தனியாக உட்காரவைத்துச் சொல்லி, கூட்டு மருந்துச் சிகிச்சையில் சேர்த்திருந்தால் இரண்டு வாழ்க்கைகளும் வேறாகியிருக்கும். சோதனை நடந்தது, முடிவும் தெரிந்தது. அது போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போகவில்லை.

இதைத் தனியொரு விபத்தாக ஒதுக்க முடியாது. இதன் வேர் கொள்கையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில், தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமியின் முயற்சியால், அன்றைய சென்னை அரசு கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களுக்கு ரொக்கம் கொடுத்தது. ஆளைக் கூட்டிவந்தவருக்கும் தொகை உண்டு. அப்படித் தொடங்கிய திட்டத்தில் கூட்டிவருபவரின் அக்கறை தலைக்கணக்கில்தான் இருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கசப்புக்குப் பின் ஆண்களிடம் போக எந்த அரசும் துணியவில்லை. சுமை முழுவதும் பெண் மீது இறங்கியது.

1994-இல் கெய்ரோவில் கூடிய பன்னாட்டு மக்கள்தொகை மாநாடு தலைக்கணக்கை விட்டுத் தனிமனித உரிமையை முன்வைத்தது. இந்தியாவும் 1996 ஏப்ரலில் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளைக் கைவிட்டது. ஆணைகள் மாறின, பழக்கம் மாறவில்லை. 1990-களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், அரசு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த கையோடு, முறையாகக் கேட்காமலே காப்பர்-டி பொருத்தப்பட்டதைப் பதிவுசெய்திருக்கிறார். இன்றைய நிலை என்ன? அதே 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டு மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.1 விழுக்காடு. அறுவைக்குப் பெண்கள் விரும்பியே வருகிறார்கள் என்ற பதில் பாதி உண்மை. இரண்டாவது பிரசவத்தோடு "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்ற ஒரே கேள்வி மட்டும் எதிரே நிற்கும்போது, அங்கே விருப்பம் என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கும்?

மணமான பெண்ணையாவது கொள்கை எண்ணுகிறது. மணமாகாதவளை அது காண்பதே இல்லை. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் பதின்வயதுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் சுமங்கலித் திட்டம் நெடுங்காலம் நடந்தது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு வீடுகளையும் தாய்மாரையும் ஒட்டி எழுதப்படுவது. விடுதி அறைக்குள் அது எளிதில் நுழைவதில்லை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொணர்ந்தது. என்ன மாத்திரை, என்ன பின்விளைவு என்று விழுங்கியவர்களுக்குத் தெரியாது. ஷிப்டு நிற்கக்கூடாது என்பது மட்டும் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

பதினெட்டு நிரம்பாத பெண் கர்ப்பமானால் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை அவளைக் காணாத அரசு, அன்று முதல் அவளை வழக்காகக் காண்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் புகார் தெரிவித்தாக வேண்டும், தவறினால் தண்டனை. கர்ப்பத்தைப் பதிந்து, அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கும்போதே வயது வெளிப்பட்டுவிடும். வன்கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு இந்தச் சட்டம் அரண். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தன் வயதையொத்த பையனோடு பழகிய பதினேழு வயதுப் பெண்ணுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் காவல் நிலையத்தின் வாசலாகிவிடுகிறது. பையனின் வழக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும். அதற்கு அஞ்சும் குடும்பம் மெடிக்கலில் மாத்திரை வாங்குவதையே எளிய வழியாக நினைக்கும்.

நீதிமன்றங்கள் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பதின்வயதினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மேலும் ஓரடி சென்றது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தம் புகாரில் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை சட்டப்படி வழி உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஆனால் அடையாளத்தை மறைக்கும் சலுகையைக் கேட்டுப் பெற அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பு டெல்லியில் வந்தது. ஆலை விடுதிப் பெண்ணுக்கு அதை யார் சொல்வது?

பதிவேடுகளே வேண்டாம் என்பது என் வாதமன்று. ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் காரணம் தேடி ஆராயும் முறைக்கு, தமிழ்நாட்டின் தாய்மரண விகிதம் 2018-20-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 என்ற அளவுக்கு இறங்கியதில் பெரும் பங்குண்டு. அந்த ஆய்வு மருத்துவமனையைக் கேள்வி கேட்டது. ஆகவேதான் பயன் தந்தது. பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையையும் அதே மருத்துவமனை மீது வைக்க முடியும்.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்ற அச்சத்தில், 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அச்சம் நியாயமானது. அதற்கு விடை கருப்பையில் இல்லை. நாட்டு நலனுக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ அல்லாமல், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் எழுதியதை, அவர் வழிவந்த இயக்கங்களே முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் செய்தியை உரியவரிடம் சேர்க்கும் வேலையைத் தொடங்கப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆலை விடுதிகளைச் சுகாதார செவிலியரின் பொறுப்பில் சேர்க்க வேண்டும். தொற்று கண்டறியப்பட்ட ஒவ்வொருவரிடமும் நேரில், தனிமையில் சொல்லப்பட்டதா என்று மாவட்ட நிர்வாகம் மாதந்தோறும் கேட்க வேண்டும். 2022 தீர்ப்பின் சாரத்தை எளிய தமிழில் எழுதி, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெண்கள் காத்திருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும்.