காற்றில் சுழலும் விசிறி

தூத்துக்குடியின் கடல் வரலாற்றை எழுதுவோர் முத்தையும் வ.உ.சி.யின் கப்பல்களையும் விரிவாகப் பேசுவர். காற்றையும் ஆழத்தையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். இக்கரையில் கலங்களின் போக்கைத் தீர்மானித்தவை அவ்விரண்டுமே என்பது என் எண்ணம்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக 1961இல் நடந்தது) படகுகள் நள்ளிரவு கடந்து கரைக்காற்றில் பார்களை நோக்கிப் புறப்படும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் திரும்பும். காற்று பொய்த்தால் குளிப்பும் பொய்த்தது. கரையோரக் கடலோ ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகளே சரக்கைச் சுமந்தன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகமே இந்நிலையை மாற்றியது.

எந்திரம் வந்தபின் காற்றுக்காகக் காத்திருப்பது ஒழிந்தது. ஆழத்தின் சிக்கல் மட்டும் தீரவில்லை. நீருக்குள் சுழலும் விசிறி மணல்திட்டில் இடிக்கும். கடற்பசு மேயும் கடற்புல்லையும் அறுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இது சிறிய சேதமன்று.

விசிறியை நீருக்கு மேலே தூக்கி வைத்தால் என்ன? பொம்மைப் படகு செய்வோர் இவ்வழியை நன்கறிவர். தட்டையான அடிப்பாகம், பின்புறம் ஒரு தாங்கி, அதன்மேல் மோட்டாரும் விசிறியும், விசிறிக்குப் பின்னே காற்றைத் திருப்பும் சுக்கான். தண்டுக்காக அடியில் துளையிட வேண்டாம்; ஆகவே அவ்வழியே நீர் கசிவதுமில்லை. ஒரு குறை உண்டு: மோட்டாரை நிறுத்தினால் சுக்கானுக்குக் காற்றில்லை, படகு திரும்பாது. வானொலி அலையால் இயக்கும் படகை நிக்கோலா டெஸ்லா 1898இலேயே நியூயார்க்கில் காட்டினார். ஆனால் அவருடைய விசிறி நீருக்குள்தான் இருந்தது.

வானொலியும் சிறு மாதிரியும் இன்னொருவரிடமும் ஒன்றுசேர்ந்தன. மார்க்கோனி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கிறிஸ்டோபர் காக்கரல் வேலையை விட்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் படகுத்தொழிலில் இறங்கினார். நீரின் உராய்வைக் குறைப்பதே அவர் கவலை. 1955ஐ ஒட்டி, ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரண்டு தகரக் குவளைகள், காற்று ஊதும் ஒரு கருவி, ஒரு சமையலறைத் தராசு ஆகியவற்றைக் கொண்டு காற்றுமெத்தையின் வலுவை அளந்தார். (பெரிய ஆய்வகம் இல்லையே என வருந்துவோர் கவனிக்க!) அடுத்துப் பால்சா மரத்தில் மாதிரி செய்தார். 1959 ஜூலை 25 அன்று அவருடைய ஹோவர்கிராஃப்ட் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

அவ்வழி வந்த ஊர்திகள்தாம் இன்று மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையிடம் உள்ளன. 21 மீட்டர் நீள உடலின் பின்புறம் இரண்டு பெரிய விசிறிகள் காற்றிலேயே சுழல்கின்றன. இடுப்பளவு நீரும் மணல்திட்டும் அவற்றுக்கு ஒன்றுதான். திருப்பத்தில் அவையும் பொம்மைப் படகைப் போலவே பக்கவாட்டில் வழுக்குகின்றன. பேரிரைச்சலையும் எரிபொருள் செலவையும் காவல்படை தாங்கும், மீனவர் தாங்கமுடியுமா? அவர்களுடைய வள்ளங்களில் விசிறி இன்னும் நீருக்குள்தான் சுழல்கிறது. திட்டு நெருங்கினால் எந்திரத்தின் தண்டைக் கையால் தூக்கிக்கொள்கிறார்கள்.