வரிமரமும் பால்மரமும்
மெர்சிடிஸ் டபிள்யூ 123 சந்தைக்கு வந்தது 1976-இல். அந்தக் கார்கள் பலவற்றின் டேஷ்போர்டில் வரிவரியாக ஒரு மரம் ஓடும். பெயர் செப்ரானோ, காபோன், கேமரூன் காட்டு மரம். முழுப் பலகை கிடையாது, தாள்போலச் சீவி ஒட்டியது. செனாய் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வார்னிஷ் வெடித்து, அது உரிந்துவிடும்.

நண்பரின் காருக்கு அதை மாற்றியபோது ஒன்று தோன்றியது. சுற்றிலும் பால்மரம் நின்ற ஊருக்கு, மரம் ஏன் ஆப்பிரிக்காவிலிருந்து வரணும்?

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் ஜொகூர் தோட்டக்காடானது. நம்ம ஆட்கள் விடியுமுன்னே மரம் சீவினார்கள். அந்தப் பால் உலகக் கார்களுக்கு டயரானது. ஆனால் அந்த மரத்தை யாரும் மரமாக மதிக்கவில்லை. மாவுச்சத்து அதிகம்; வெட்டிய சில நாளில் பூஞ்சையும் வண்டும் ஏறும். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் வற்றினால் விறகுதான். போரான் மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவி, 1980-களில்தான் அது ஏற்றுமதி மேசை நாற்காலியானது.

நண்பர் செப்ரானோவேதான் வேணும்னார், போட்டோம். காரின் வரலாறு அது, சரிதான். டேஷ்போர்டு மரத்தை மாற்றும்போது ‘ஒரிஜினலா?’ என்று நூறு தடவை கேட்கிறோம். டயரை மாற்றும்போது அந்தப் பால் யார் சீவியது என்று ஒருவரும் கேட்பதில்லை.